மலையேறும் பழைய வண்டிக்கு மலிவான ரேடியேட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் 1960களின் ஜீப் ஒன்றைச் சேசிஸ் வரை பிரித்துப் போட்டு, டீசல் எஞ்சின் வைத்துத் திரும்பக் கட்டினேன். இப்படிப் பழைய வண்டியைப் பிரித்து, எஞ்சினை மாற்றியோ முறுக்கேற்றியோ கட்டினால் அதை ஹாட் ராட் என்பார்கள். நான்கு ஆண்டுகள் ஆயின. அதில் ஓராண்டு ரேடியேட்டரோடு மல்லுக்கட்டியதிலேயே போயிற்று. அதன் பிறகு குன்னூர், கூடலூர், சில சமயம் கொடைக்கானலிலிருந்துகூட யாராவது கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஹாட் ராட் என்பது அமெரிக்கச் சமாச்சாரம் அல்லவா? நம் மலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பெயர் அங்கிருந்து வந்ததுதான். 1930களில் தெற்குக் கலிபோர்னியா இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கி, மட்கார்டு முதலியவற்றைக் கழற்றி எடையைக் குறைத்து, எஞ்சினை முறுக்கேற்றி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பிடித்தமான 1932 ஃபோர்டு வி8 எஞ்சினில் ஒரு பிறவிக் கோளாறு இருந்தது. புகை வெளியேறும் வழி எஞ்சின் பிளாக்கின் உள்ளேயே, தண்ணீர் ஓடும் இடத்தை ஊடறுத்துச் சென்றது. புகையின் சூடும் தண்ணீரில்தான் இறங்கும். ஆகவே ரேடியேட்டர் தலைவலி இந்தப் பொழுதுபோக்கோடு கூடவே பிறந்தது.

நம் பக்கத்தில் அந்த ஃபோர்டின் இடத்தில் இருப்பவை வில்லிஸ் உரிமத்தில் மகிந்திரா தயாரித்த சி.ஜே.3பி ஜீப்பும் அம்பாசிடரும். ஜீப்பில் 2523 சி.சி. மகிந்திரா டீசலை உட்கார வைப்பார்கள். அம்பாசிடரில் இசுசு 1.8 பெட்ரோல். உடம்பு ஒரு காலத்தது, எஞ்சின் வேறொரு காலத்தது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பது ரேடியேட்டர்.

மலையில்தான் குளிராக இருக்கிறதே, பிறகு எதற்கு இவ்வளவு கவலை?

உதகையில் குளிர்தான். ஆனால் உதகைக்கு வண்டி வானத்திலிருந்து இறங்குவதில்லை. ஏப்ரல் மதியம் மேட்டுப்பாளையத்தில் அனல் வீசும்போது கல்லாற்றைத் தாண்டி ஏறத் தொடங்குகிறீர்கள். முன்னால் ஒரு சுற்றுலா பஸ். இரண்டாம் கியர், வளைவுகளில் முதல் கியர். குன்னூர் போய்ச் சேருவதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். எஞ்சின் முழு மூச்சோடு உழைக்கிறது, வண்டியோ மணிக்கு 15 கிலோமீட்டரில் ஊர்கிறது. எரியும் எரிபொருளின் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். சமவெளியில் 60இல் போகும்போது எதிர்க்காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்து பாதி வேலையை முடித்துவிடும். மலைப்பாதையில் அந்தக் காற்று இல்லை. விசிறி இழுக்கும் காற்று மட்டும்தான்.

உயரமும் தன் பங்குக்குக் காலை வாரும். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளும் காற்றின் எடை குறைந்துவிடுகிறது. சூட்டைச் சுமந்து செல்வதோ அந்த எடைதான். தண்ணீரும் அங்கே 93 டிகிரிக்கு முன்பின்னாகவே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் உதகையில் பருப்பு வேகவைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்படி இருப்பதால், சமவெளிக்காரர் ஒருவர் "என் வண்டியில் இந்த ரேடியேட்டர் அருமையாக ஓடுகிறது" என்று சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அதை நம்பி வாங்காதீர்கள்.

எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வேண்டும்?

முகப்புக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு பெரியது. ஆனால் பெரியது என்றால் அகலமும் உயரமும்தான், தடிமன் அல்ல. என் ஜீப்பில் 18 அங்குலத்துக்கு 18 அங்குலம் கோர் (தண்ணீர்க் குழாய்களும் தகட்டுச் செதில்களும் அடுக்கிய நடுப்பகுதி) உட்கார்ந்தது. பேட்டரித் தட்டை நகர்த்தி 2 அங்குலம் அகலம் தேடினேன்; பரப்பு 324 சதுர அங்குலத்திலிருந்து 360 ஆயிற்று. 11 சதவீத ஆதாயம், செலவு ஒரு வெல்டிங் கூலி.

வாங்குவதற்கு முன்னால் கெட்டி அட்டையில் ரேடியேட்டரின் அளவுக்கு ஒரு பெட்டி செய்து உள்ளே வைத்துப் பாருங்கள். மேல் டேங்க், கீழ் டேங்க், மூடிக் கழுத்து எல்லாவற்றையும் அட்டையிலேயே ஒட்டுங்கள். பானட்டை மூடுங்கள். விசிறிக்கும் கோருக்கும் நடுவே கை நுழைகிறதா? ஸ்டீயரிங் பெட்டி இடிக்கிறதா? சிரிப்பார்கள். சிரித்த இருவர் பிறகு என்னிடமே அந்த அட்டையை இரவல் வாங்கிப் போனார்கள்.

மூன்று வரிசை, நான்கு வரிசை என்கிறார்களே?

வரிசை என்பது ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய்களின் எண்ணிக்கை. முதல் வரிசையைத் தொட்ட காற்று சூடாகித்தான் இரண்டாவதுக்குப் போகிறது. நான்காவதுக்குப் போகும்போது அதில் குளிர்விக்கும் திராணி அதிகம் மிச்சமில்லை. அதோடு கோர் தடிமனாக ஆக, மெதுவாக ஏறும் வண்டியில் விசிறிக்கு இழுக்கச் சிரமம். செம்பில் மூன்று வரிசை, அகலக் குழாய் அலுமினியத்தில் இரண்டு வரிசை போதும். நான்கு வரிசை என்று விளம்பரம் செய்தால், குழாய் ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம் என்று கேளுங்கள். கால் அங்குலக் குழாயை நான்கு வரிசை அடுக்கி என்ன பயன்?

செம்பு, பித்தளை வாங்குவதா, அலுமினியம் வாங்குவதா?

இதற்குத்தான் நான் பட்ட பாடு.

ஏட்டுக் கணக்கில் செம்பு அலுமினியத்தைவிடச் சூட்டை நன்றாகக் கடத்தும். ஆனால் அலுமினியக் குழாயை அகலமாக, ஓர் அங்குலம் வரைகூடச் செய்யலாம். ஈயப் பற்றும் நடுவில் இல்லை. அதனால் இரண்டு வரிசை அலுமினியம், குறுகிய குழாய் கொண்ட நான்கு வரிசைச் செம்புக்குச் சமமாக நிற்கும். எடையும் குறைவு. பளபளப்பும் கண்ணைப் பறிக்கும். நானும் அந்தப் பளபளப்பில் மயங்கி, முழு அலுமினியம் ஒன்றை இணையத்தில் மலிவாக வாங்கினேன்.

மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள் குஞ்சப்பனை அருகே பானட் ஓரத்தில் இனிப்பு வாசனை. கூலண்ட், அதாவது ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்புத் திரவம். வலது பக்கத் தாங்கி டேங்கோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல். குற்றம் பாதி என்னுடையது: பட்டை வில் (லீஃப் ஸ்பிரிங்) வைத்த ஜீப்பின் சேசிஸ் குண்டுகுழியில் முறுக்கிக்கொள்ளும், நான் ரப்பர் புஷ் இல்லாமல் போல்ட்டை நேராக முறுக்கியிருந்தேன். மீதிப் பாதி, நகத்தின் கனம்கூட இல்லாத அந்தத் தகடு.

மேட்டுப்பாளையத்தில் ஒரு ரேடியேட்டர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். முதியவர் அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார், எடையை வைத்தே முகம் சுளித்தார். கீழ் வாயை ரப்பர் தக்கையால் அடைத்து, மேலே காற்றுக் குழாயைச் செருகி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். விரிசலிலிருந்து கடுகு அளவில் குமிழிகள் வரிசையாக எழுந்தன. "தம்பி, இதற்கு என் ஈயம் ஒட்டாது. இது வாங்கி எறிகிற சாமான்" என்றார். கோவையில் ஒருவர் ஆர்கான் வெல்டிங்கில் அடைக்க முயன்றார். விரிசல் போய் ஓட்டை வந்தது.

பிறகு ஜீப்பின் பழைய பித்தளை டேங்குகளை அதே முதியவரிடம் கொடுத்து, புதுச் செம்புக் கோர் வைத்துப் பற்றவைக்கச் சொன்னேன். அந்த அலுமினியத்துக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகவே ஆயிற்று. ஐந்து ஆண்டுகளாக ஓடுகிறது. இடையில் ஒருமுறை கல் அடித்து ஒரு குழாய் ஒழுகியது. கோத்தகிரியிலேயே அரை மணி நேரத்தில் ஈயம் வைத்து அடைத்தார்கள்.

எனவே என் கட்சி செம்பு. கோவையில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேலே வருபவருக்கு, நல்ல பற்றவைப்புள்ள அலுமினியம் சரியாக இருக்கலாம். மலையிலேயே குடியிருப்பவர், உங்கள் ஊர்ப் பட்டறையில் எதைப் பழுது பார்க்க முடியுமோ அதை வாங்குங்கள்.

பிளாஸ்டிக் டேங்க் வைத்த, வேறு வண்டியின் ரேடியேட்டரைப் பொருத்தலாமா?

தாராளமாக. மிக மலிவான வழி அதுதான். புழக்கத்தில் நிறைய இருக்கும் வண்டியின் ரேடியேட்டர் என்றால் வெளிச்சந்தையில் எங்கும் கிடைக்கும். டேங்க் வெடித்தால் பழுது பார்ப்பதைவிடப் புதிது வாங்குவதே சிக்கனம்.

பார்க்க வேண்டியது, தண்ணீர் உள்ளே வரும் வாயும் வெளியே போகும் வாயும் உங்கள் எஞ்சினின் வாய்களோடு ஒரே பக்கத்தில் இருக்கின்றனவா என்பது. எதிரெதிராக அமைந்தால் ஹோஸ் எஞ்சினைச் சுற்றி வளைய வேண்டியிருக்கும். கீழ் ஹோஸின் உள்ளே கம்பிச் சுருள் வையுங்கள். இல்லையென்றால் எஞ்சின் வேகமெடுக்கும்போது வாட்டர் பாடியின் (தண்ணீர் பம்பின்) இழுப்பில் அது சப்பையாகி அடைத்துக்கொள்ளும். வண்டி நின்றதும் மறுபடி உருண்டையாகிவிடும் என்பதால் எந்த மெக்கானிக்கும் கண்டுபிடிக்க மாட்டார்.

இன்னொன்று: மூடி இருக்கும் இடம் எஞ்சினின் தலையைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்து போனால் மேலே காற்று சிக்கிக்கொள்ளும். அப்படியானால் உயரத்தில் தனியாக ஒரு தொட்டி வைத்து அதில்தான் மூடி போட வேண்டும்.

சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழையது வாங்கினால்?

வாங்கலாம், நகத்தை உடன் எடுத்துச் செல்லுங்கள். கீழ்ப்பக்கத் தகட்டுச் செதில்களை நகத்தால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். வளைந்தால் உயிர் இருக்கிறது. பச்சைப் பொடியாக உதிர்ந்தால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். செதில் குழாயை விட்டுப் பிரிந்த ரேடியேட்டர் தண்ணீர் பிடிக்குமே தவிரக் குளிர்விக்காது. கழுத்து வழியாக டார்ச் அடித்துக் குழாய் வாய்களைப் பாருங்கள். வெள்ளை உப்பு அடைத்திருந்தால் டேங்கைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். அந்தக் கூலியையும் விலையில் கூட்டிக்கொள்ளுங்கள். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

எஞ்சின் விசிறியை எடுத்துவிட்டு மின்விசிறி போடலாமா?

முதலில் கவுல் போட்டீர்களா என்று சொல்லுங்கள். விசிறியைச் சுற்றி வரும் அந்தக் கூண்டைப் பெரும்பாலானோர் இடமில்லை என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். கூண்டு இல்லாத விசிறி, தனக்கு நேரெதிரே இருக்கும் வட்டத்திலிருந்து மட்டும் காற்றை இழுக்கும். நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். போதாததற்குப் பக்கவாட்டிலிருந்து எஞ்சினின் சூடான காற்றையே திரும்ப இழுக்கும். சாதாரணத் தகட்டில் நானே வெட்டி ரிவெட் அடித்த கவுல் என் ஜீப்பில் செய்த மாற்றத்தை எந்த விலையுயர்ந்த கோரும் செய்யவில்லை. அதுவரை மூன்றாவது வளைவில் சிவப்பை எட்டிப் பார்த்த வெப்பமானி ஊசி, அதன் பிறகு குன்னூர் வரை பாதிக்கு மேல் ஏறவில்லை. விசிறி இறக்கையின் பாதி கவுலுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கட்டும். இறக்கை நுனிக்கும் கவுலுக்கும் சுமார் ஓர் அங்குலம் இடைவெளி. எஞ்சின் ரப்பரில் ஆடும் என்பதால் அதற்கும் குறைவாக ஆசைப்பட வேண்டாம்.

மின்விசிறி தேவைதான் என்றால், கோரின் பின்புறம் நின்று இழுக்கும் வகையை வாங்குங்கள். நல்ல விசிறி 15 முதல் 25 ஆம்பியர் வரை குடிக்கும். பழைய டைனமோவே இருக்கிறது என்றால் அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். இரவில் ஹெட்லைட்டும் விசிறியும் சேர்ந்து பேட்டரியைக் காலி செய்துவிடும். ஆல்டர்னேட்டர் இருந்தால் ரிலே, ஃபியூஸ் வைத்து, வெப்பச் சுவிட்ச் மூலம் இயங்கவிடுங்கள். கையால் தட்டும் சுவிட்சை நம்பாதீர்கள். மறந்துபோவோம்.

மூடியில் எந்த எண் வேண்டும்?

மூடி என்பது குக்கரின் குண்டுதான். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். 0.9 என்று அச்சிட்ட மூடி (அது பார் கணக்கில் அழுத்தம்) நன்றாக இருந்தால் உதகையில்கூட வெறும் தண்ணீரே 114 டிகிரி வரை கொதிக்காது. அதே மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் 93லேயே பொங்கும். அத்தனை சின்னப் பொருளில் 20 டிகிரி இருக்கிறது.

பழைய ஜீப்புகள் 0.3, 0.5 அளவு மூடியோடு வந்தவை. பழைய டேங்குக்கு 0.9 போட்டால் ஈயத் தையல் விடும். புதுக் கோர் வைக்கும்போதே எவ்வளவு தாங்கும் என்று பட்டறையில் கேட்டு, அந்த அழுத்தத்தில் தொட்டியில் அமிழ்த்திக் காட்டச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஒரு லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. பழைய வண்டிக்கு இது சகஜம்தானே?

இல்லை. ஹில்குரோவில் நின்று தண்ணீர் குடிக்கும் உரிமை மலை ரயிலின் நீராவி எஞ்சினுக்கு மட்டும்தான். அது ஆவியாக்குவதற்காகவே குடிக்கிறது. உங்கள் வண்டியின் தண்ணீர் எங்கோ போகிறது. மூடி, வாட்டர் பாடியின் அடித் துளை, ஹோஸ் கிளிப், இந்த வரிசையில் பாருங்கள். எல்லாம் சரி, ஆனாலும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டருக்குள் குமிழி விடாமல் வருகிறது என்றால் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது. புது ரேடியேட்டர் அதைக் குணப்படுத்தாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் குளிர்ச்சியாக ஓடும் என்கிறாரே மெக்கானிக்?

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்துவைக்கும் வால்வு. அது இல்லாவிட்டால், ஏறும்போது ஒருவேளை. இறங்கும்போது? கோத்தகிரியிலிருந்து கீழே எஞ்சின் பிரேக்கில் இறங்கினால் எஞ்சினுக்கு வேலையே இல்லை; தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் பச்சைத் தண்ணீராகிவிடும். டிசம்பர் காலையில் அது சூடேறவே ஏறாது. குளிர்ந்த எஞ்சின் டீசலை வீணாக்கும், புகை தள்ளும், தேயும். 82 டிகிரியில் திறக்கும் ஒன்றை வாங்கிப் போடுங்கள். போடுவதற்கு முன் ஒரு பாத்திரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள், திறக்கிறதா என்று. வீட்டுச் சமையல் பாத்திரம் வேண்டாம்; அனுபவத்தில் சொல்கிறேன்.

வெறும் தண்ணீர் போதாதா?

போதாது. கூலண்டில் உள்ள துருத்தடுப்புதான் முக்கியம். வார்ப்பிரும்பு பிளாக்கின் துரு முழுவதும் ரேடியேட்டர் குழாயில்தான் போய்ப் படியும். உறைபனி விழும் ஜனவரி இரவுகளில் வெளியே நிற்கும் வண்டிக்குக் கூலண்ட் காப்பும்கூட. பாதிக்குப் பாதி, காய்ச்சி வடித்த தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள். அலுமினியம் வைத்தவர்கள் இன்னொன்றும் செய்யுங்கள்: மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸிலும் சிவப்பு முனையைக் கூலண்டிலும் வைத்து, எல்லா மின்சாதனங்களையும் இயக்கிப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ எர்த் சரியில்லை. மின்னரிப்பு அந்தத் தகட்டை உள்ளிருந்தே தின்றுவிடும்.

பாதி வழியில் ஊசி சிவப்பைத் தொட்டுவிட்டது. என்ன செய்வது?

ஒதுக்கி நிறுத்துங்கள், நியூட்ரலில் போடுங்கள், உடனே அணைக்காதீர்கள். கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து விசிறியைச் சுற்றவிடுங்கள். அணைத்தால் விசிறியும் பம்பும் நின்று, பிளாக்கில் தேங்கிய சூடு ஹெட்டுக்கு ஏறும். ஹோஸ் வெடித்து ஆவி பீச்சினால் மட்டும் உடனே அணையுங்கள். மூடியை அரை மணி நேரம் தொடவே தொடாதீர்கள். ஐந்து லிட்டர் கேன் ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு நீலகிரியில் தடை என்பதால் வழியில் பாட்டில் வாங்கி ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்ல வேண்டுமா?

ரேடியேட்டருக்காக அல்ல. எஞ்சின் மாற்றத்துக்கு ஆம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதைப் பற்றியது. எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. வேறு எஞ்சினைத் தூக்கி வைப்பதற்கு முன்பே போய்க் கேளுங்கள். வைத்த பிறகு கேட்பவர்கள் படும் அவஸ்தையைப் பார்த்திருக்கிறேன்.

கையில் பணம் கொஞ்சம்தான். எதை முதலில் வாங்குவது?

நம்பகமான வெப்பமானி. பிறகு புது மூடி. பிறகு தகடு வாங்கிக் கவுல். இந்த மூன்றும் முடிந்த பிறகு ஒருமுறை மலையேறிப் பாருங்கள். பாதிப் பேர் அதற்கு மேல் ரேடியேட்டரே வாங்குவதில்லை.

பழைய கூலண்டை எங்கே கொட்டுவது?

தேயிலைத் தோட்டத்து ஓரத்திலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். அது இனிக்கும் விஷம். நாய் நக்கும், இரவில் தெருவுக்குள் வரும் காட்டு மாடு நக்கும். மூடியுள்ள கேனில் பிடித்து, கழிவு ஆயில் எடுத்துச் செல்லும் பட்டறையில் கேட்டுக் கொடுங்கள். என் கொட்டகையில் இப்போது இரண்டு கேன்கள் நிற்கின்றன. அடுத்த முறை மேட்டுப்பாளையம் இறங்கும்போது எடுத்துப் போக வேண்டும்.